மின்சார வண்டி யாருக்கு? கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நின்று ஒரு கேள்வி



உங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எத்தனை மின்சாரக் கார்கள் நிற்கின்றன? இன்று மாலை வேலை முடிந்து வரும்போது ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மோட்டார்சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். பழைய கஞ்சில், சாகா, வீரா நிற்கும். மின்சாரக் கார் ஒன்று நின்றாலும் அது யாரையோ பார்க்க வந்த விருந்தாளியுடையதாக இருக்கும்.

ஆனால் அந்தக் காருக்காக நம் நாட்டு அரசாங்கம் விட்டுக்கொடுத்த வரி கொஞ்சநஞ்சமல்ல. 2022 முதல் 2025 இறுதி வரை வெளிநாட்டிலிருந்து முழுமையாக இறக்குமதியான மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரியும் இல்லை, கலால் வரியும் இல்லை. சாலை வரியும் அந்த ஆண்டுகளில் தள்ளுபடி. அதோடு இன்னொரு நிபந்தனை. அப்படி இறக்குமதியாகும் கார் 1,00,000 வெள்ளிக்குக் கீழே விற்கப்படக் கூடாது. உள்நாட்டுக் கார் நிறுவனங்களைக் காப்பாற்றுவதற்காக என்று காரணம் சொன்னார்கள். அது நியாயமான காரணமாகவே இருக்கட்டும். விளைவு என்ன? ஒரு லட்சம் வெள்ளிக்கு மேல் கொடுத்துக் கார் வாங்கக்கூடியவருக்கு வரிச் சலுகை கிடைத்தது. காசை எண்ணிக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு அந்தச் சலுகையில் ஒன்றுமில்லை.

மின்சார வண்டிக்கு நான் எதிரியல்ல. புகையில்லாத வண்டி வரட்டும், நன்றாக வரட்டும். அது முதலில் யாருக்கு வர வேண்டும் என்பதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழைய ஆட்களுக்கு அது பிட் ஸ்திரீட். ஒரு முனையில் 1818-இல் கட்டிய செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம். கொஞ்ச தூரத்தில் சீனர்களின் குவான் இன் கோயில். அதைத் தாண்டினால் குயின் தெரு மாரியம்மன் கோயிலின் பின்பக்கம். பிறகு பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த காதர் முகைதீன் 1801-இல் எழுப்பிய பள்ளிவாசல். அவர்தான் கப்பித்தான் கெலிங், அதாவது இங்கு குடியேறிய தென்னிந்தியர்களின் தலைவர். கெலிங் என்ற சொல்லை இன்று நம்மை இழிவுபடுத்தத்தான் பயன்படுத்துகிறார்கள். அந்தச் சாலையில் மட்டும் அது ஒரு தலைவரின் பட்டமாகவே நிற்கிறது. சுற்றுலாத் துறையினர் அதை நல்லிணக்கத் தெரு என்கிறார்கள். 2008 ஜூலையில் ஜோர்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகு அந்தப் பெயர் இன்னும் பரவிவிட்டது.

படம் எடுக்க வருகிறவர்களுக்கு அது நல்லிணக்கத் தெரு. நமக்கோ அது வேலைக்குப் போகும் வழி, வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் ஆடி வெள்ளிக்கும் போகும் வழி, தாலிக்குப் பொன் வாங்கவும் பண்டிகைக்குத் துணி எடுக்கவும் கடைத்தெருவுக்குப் போகும் வழி. அங்கே வாழ்ந்த நம் மக்களில் பலர் இன்று அங்கே இல்லை. இதை மறந்துவிட்டுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச முடியாது.

வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1966 என்று ஒன்று இருந்தது. போருக்கு முந்திய பழைய கட்டடங்களில் குடியிருந்தவர்களின் வாடகையை உயரவிடாமல் அது பிடித்து வைத்திருந்தது. நாட்டிலேயே அத்தகைய கட்டடங்கள் மிக அதிகமாக இருந்த நகரம் ஜோர்ஜ்டவுன். 1997-இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. கொடுத்த அவகாசம் 1999-ஆம் ஆண்டோடு முடிந்தது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகை ஏறியது, குடும்பங்கள் இறங்கின. கடை மேல்மாடியில் மூன்று தலைமுறையாக இருந்தவர்கள் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், ரெலாவ் என்று சிதறினார்கள். கடலைத் தாண்டி பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் போனவர்களும் உண்டு. 2009-இல் கம்போங் புவா பாலா தரைமட்டமாக்கப்பட்டபோது நாம் கூடினோம், குரல் கொடுத்தோம், உலகமே பார்த்தது. பழைய நகரத்தை விட்டு ஆயிரக்கணக்கானோர் வெளியேறியதை எந்தப் புல்டோசரும் செய்யவில்லை. அதனால் அதைப் படம் எடுக்கவும் ஆளில்லை.

வீடு போனது. வேலையும் கோயிலும் பள்ளிவாசலும் அங்கேயே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே இருப்பது பேருந்து ஒன்றுதான். ஆகவே நமக்கு அது சொகுசைப் பற்றிய விஷயமல்ல, இழந்த இடத்துக்குத் திரும்பிப் போவதற்கான உரிமையைப் பற்றியது.

பாயா தெருபோங் அடுக்குமாடியில் இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். முழங்கால் வலி. மகனும் மருமகளும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும், அல்லது பொது மருத்துவமனையில் மருந்து வாங்க வேண்டும். பேருந்து இருக்கிறது. ஆனால் அது எப்போது வரும் என்று கைப்பேசிச் செயலியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளப் பாட்டிக்குத் தெரியாது. வந்தாலும் படி உயரம். கொம்தாரில் இறங்கினால் இன்னொரு பேருந்து, இல்லாவிட்டால் வெயிலில் நடை. நடக்கலாம் என்றால் அஞ்சடி முழுவதும் மோட்டாரும் சாமானும். கிராப் பிடித்தால் போக வரக் கொடுக்கும் காசில் இரண்டு நாள் சமையல் முடிந்துவிடும். கடைசியில் பேரன் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போகிறார். நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போகிறவர்கள். இது ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் வரும் கணக்கு. பேருந்து ஒழுங்காக இருந்தால் அந்தப் பேரனுக்குப் பதினாறு வயதிலேயே மோட்டார் வாங்கிக் கொடுக்கும் கட்டாயம் எத்தனை வீடுகளில் இருக்காது என்று யோசித்துப் பாருங்கள்.

இதற்கு மருந்து மின்சாரப் பேருந்து என்றால் சிலர் சிரிப்பார்கள். 'நம்ம ஊருக்கெல்லாம் அது ஒத்து வருமா?' என்பார்கள். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

மின்சாரப் பொதுப் போக்குவரத்து ஜோர்ஜ்டவுனுக்குப் புதிதல்ல. இந்த ஊரில் அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே இங்கே மின்சார டிராம் வந்துவிட்டது. தண்டவாளத்தில் ஓடும், மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும். படகுத்துறையிலிருந்து ஆயர் ஈத்தாம் வரை போனது. பிறகு 1925-இல் டிராலி பஸ் வந்தது. அதற்குத் தண்டவாளம் தேவையில்லை. ரப்பர் சக்கரம், தலைக்கு மேல் இரண்டு கம்பி, அவ்வளவுதான். 1936-க்குள் டிராம் முழுவதும் போய் டிராலி பஸ்ஸே ஓடியது. 1950-களில் லண்டனில் ஓடிய இரண்டடுக்கு டிராலி பஸ்கள் சிலவற்றைக்கூட வாங்கி ஓட்டினார்கள். இதையெல்லாம் நடத்தியது தனியார் முதலாளி அல்ல. நகராண்மைக் கழகமே நடத்தியது. கழகமே மின்சாரம் உற்பத்தி செய்தது, அந்த மின்சாரத்தில் கழகமே வண்டி ஓட்டியது. 2004-இல் சாலை வேலைக்காகத் தோண்டியபோது சூலியா தெருவும் பினாங்கு சாலையும் சந்திக்கும் இடத்தில் பழைய தண்டவாளம் வெளியே வந்தது. அதில் ஒரு துண்டைப் பார்வைக்கு வைத்தார்கள். அதே சூலியா தெருதான் கீழே வந்து கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையைக் குறுக்கே வெட்டுகிறது. பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரம்.

நம் தாய்வழி ஊரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் மின்சார டிராம் 1895-இல் ஓடத் தொடங்கி 1953 வரை ஓடியது. ஆகவே 'மின்சார வண்டி தமிழனுக்கு எதற்கு?' என்று கேட்பவருக்கு அவருடைய கொள்ளுப்பாட்டனே அதில் ஏறியிருக்கலாம் என்று பதில் சொல்லுங்கள்.

டிராலி பஸ் 1961 ஜூலை 31-ஆம் தேதியோடு நின்றது. நகரம் விரிந்துகொண்டே போனது. புதிய இடங்களுக்கெல்லாம் கம்பி இழுப்பதைவிட டீசல் பஸ்ஸை அனுப்புவது சுலபம். அந்தக் காலத்தில் பல நாடுகளிலும் அதுதான் நடந்தது. லண்டனே 1962-இல் டிராலி பஸ்ஸை நிறுத்தியது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் அதற்குப் பின்னால் நடந்தவற்றில் இருக்கிறது. 1957-இல் மாநகரமான ஜோர்ஜ்டவுனுக்கு முதல் மேயராக இருந்தவர் டி.எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர், நம்மவர். அன்று மன்ற உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். பஸ் வராவிட்டால் அடுத்த தேர்தலில் கேட்கலாம். 1965-இல் நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டது. பினாங்கு மாநில அரசாங்கம் 2012-இல் சட்டம் இயற்றி அதைத் திரும்பக் கொண்டுவர முயன்றது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது. அதனால் நம் தெருவுக்கான நகராண்மை உறுப்பினர் நம்மால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்ல, நியமிக்கப்பட்டவர். கழகத்தின் சொந்தப் பேருந்துச் சேவையும் 1990-களின் இறுதியில் மூடப்பட்டது. தனியார் பஸ்களின் குழப்பம் சில ஆண்டுகள் நீடித்தது. 2007 ஜூலை 31-இல்தான் ரேபிட் பினாங்கு வந்தது. டிராலி பஸ் நின்ற அதே தேதி என்பது தற்செயல்தான். அது வந்தபோது நிலைமை எவ்வளவோ தேறியது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்போது எல்லோரும் எல்.ஆர்.டி. பற்றிப் பேசுகிறார்கள். முத்தியாரா தடம் என்று பெயர். 2025 ஜனவரி 11-இல் பிரதமர் அடிக்கல் நாட்டினார். தெற்கே சிலிக்கன் தீவிலிருந்து கொம்தார் வழியாகக் கடலைத் தாண்டி பினாங்கு சென்ட்ரல் வரை 29.5 கிலோமீட்டர். 2031-இல் முடியும் என்பது இலக்கு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் அது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குள் வராது. கொம்தாரில் நிற்கும். பாயா தெருபோங் பாட்டியின் வீட்டு வாசலுக்கும் வராது. இந்த இரண்டு முனையையும் யார் கட்டுவது? 2013-இல் ஹால்குரோ நிறுவனம் தயாரித்த போக்குவரத்துத் திட்டத்தில் நகருக்குள் டிராம் ஓட்டும் யோசனை இருந்தது. 2016-இல் பினாங்கு ஃபோரம் அமைப்பினரும் குறைந்த செலவில் டிராமும் நல்ல பேருந்தும் போதும் என்று வாதாடினார்கள். பெரிய திட்டம் வென்றது. சரி, வென்றதாகவே இருக்கட்டும். பெரிய திட்டத்துக்குப் பல ஆயிரம் மில்லியன் வெள்ளி கிடைக்கும்போது சின்னப் பேருந்துக்கு மட்டும் காசில்லை என்று சொல்ல முடியாது.

சின்ன மின்சாரப் பேருந்து என்று ஏன் சொல்கிறேன்? பழைய நகரத்துத் தெருக்கள் மாட்டு வண்டிக்கும் ரிக்ஷாவுக்கும் போட்டவை. பெரிய டீசல் பஸ் திரும்பும்போது எல்லாம் நின்றுவிடும். அதன் புகை நேராகக் கடைக்குள்ளும் அஞ்சடியில் தோசை சுடுகிறவர் முகத்திலும் அடிக்கும். மின்சாரப் பேருந்தில் புகைக் குழாயே இல்லை, சத்தமும் குறைவு. பள்ளிவாசலில் தொழுகை நடக்கும்போதும் கோயிலில் பூஜை நடக்கும்போதும் வாசலில் உறுமிக்கொண்டு நிற்காது. நமக்கு அதைவிட முக்கியமானது தரை. டீசல் பேருந்தில் இஞ்சினும் கியர்பெட்டியும் தரைக்குக் கீழே இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மின்சாரப் பேருந்தில் மோட்டாரைச் சக்கரத்தோடு ஒட்டியே வைக்கலாம், மின்கலத்தைக் கூரைமேல் ஏற்றலாம். தரையைத் தாழ்வாகவும் சமமாகவும் அமைப்பது அதனால் சுலபம். படியே இல்லாமல் பாட்டி ஏறலாம். சாய்பலகையை இறக்கினால் சக்கர நாற்காலி ஏறும். பிள்ளைத் தள்ளுவண்டியும் ஏறும். டீசல் பேருந்தையும் தாழ்தளமாகச் செய்யலாம்தான். ஆனால் எப்படியும் புதிய வண்டி வாங்கப்போகிற நேரத்தில் பழைய படிக்கட்டை மறுபடி வாங்க வேண்டாம் என்கிறேன்.

தூரத்தைப் பற்றிய பயமும் வேண்டாம். நீண்ட பயணத்துக்குத்தான் மின்கலம் தாங்குமா என்ற கவலை. படகுத்துறையிலிருந்து பள்ளிவாசலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். படகுத்துறை, கடைத்தெரு, பள்ளிவாசல், கொம்தார், பொது மருத்துவமனை என்று சுற்றி வந்தாலும் சில கிலோமீட்டர்தான். குறைந்த தூரம், குறைந்த வேகம், நிறைய நிறுத்தம். மின்சார வண்டிக்கு இதைவிட ஏற்ற வழித்தடம் அமையாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரம் மின்கலத்துக்கே திரும்பிப் போகும். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் வருகிறவர்களையும் நினையுங்கள். 2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகளும் ஆட்களையும் இருசக்கர வண்டிகளையும்தான் ஏற்றுகின்றன. அதில் வரும் தொழிலாளி கையை வீசிக்கொண்டுதான் இறங்குகிறார். அவரை வாங்கிக்கொள்ள வாசலிலேயே வண்டி நிற்க வேண்டும். பழைய நகரத்துக்குள் 'கேட்' என்ற இலவசப் பேருந்தை ஓட்டிய அனுபவம் இந்த ஊருக்கு உண்டு. அதற்குக் கழகம் பணம் கொடுத்தது, ரேபிட் பினாங்கு ஓட்டியது. ஆகவே 'முடியாது' என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

மின்சாரப் பேருந்து என்ற பெயர் மட்டும் நமக்குப் போதாது. சுபாங் ஜெயா பக்கம் சன்வேயில் 2015-இல் மின்சாரப் பேருந்துத் தடம் ஒன்று தொடங்கினார்கள். தனிப் பாதை, அழகான நிலையம், எல்லாம் உண்டு. மொத்த நீளம் 5.4 கிலோமீட்டர். தொடக்கத்தில் முனைக்கு முனை கட்டணம் 5 வெள்ளி 40 காசு! கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளி. துப்புரவு வேலைக்குப் போகிற அம்மா அதில் எப்படி ஏறுவார்? புகை இல்லை, ஏழையும் இல்லை. பினாங்கில் அந்தக் கதை நடக்க நாம் விடக் கூடாது.

சென்னையில் நடந்ததையும் கேளுங்கள். அங்கே தாழ்தளப் பேருந்து யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததல்ல. இயலாமை உரிமைச் செயற்பாட்டாளர் வைஷ்ணவி ஜெயகுமார் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி, பொதுப் பணத்தில் வாங்கும் பேருந்தில் எல்லோரும் ஏற முடிய வேண்டும் என்று வாதாடினார். அரசாங்கத் தரப்பு என்ன சொன்னது தெரியுமா? விலை அதிகம், சாலையில் வேகத்தடை இருக்கிறது, மழைத் தண்ணீர் நிற்கிறது. சாலை சரியில்லை என்பதற்காக மனிதர்கள் வீட்டிலேயே இருக்க வேண்டுமாம்! வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூன் 30-இல் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரத் தாழ்தளப் பேருந்துகள் புறப்பட்டன. அதில் ஒரு குறை உண்டு, தொழிலாளியின் பக்கம் நின்று அதையும் சொல்ல வேண்டும். அந்த மின்சாரப் பேருந்துகளைத் தனியார் நிறுவனம் வைத்திருந்து ஓட்டுகிறது, அரசுப் போக்குவரத்துக் கழகம் கிலோமீட்டர் கணக்கில் பணம் கொடுக்கிறது. ஓட்டுநரும் ஒப்பந்தத்தில் வந்தவர். அரசாங்க வேலை கழன்றுபோகிறது என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. நம் ஊரில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? உடற்பேறு குறைந்தோர் சட்டம் 2008, எண் 685. அதன் 27-ஆம் பிரிவு பொதுப் போக்குவரத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தும் உரிமை உடற்பேறு குறைந்தோருக்கு உண்டு என்கிறது. அரசாங்கமும் சேவை நடத்துவோரும் அதற்கேற்ற வடிவமைப்பைச் செய்து தர வேண்டும் என்றும் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. பக்கத்தைப் புரட்டி 41-ஆம் பிரிவுக்கு வாருங்கள். நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யாமல் விட்டதற்கோ அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று அங்கே கதவைச் சாத்திவிட்டார்கள். 27-ஐ மீறினால் தண்டனை என்றும் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவது இதுதான். சென்னையில் நீதிமன்றம் செய்ததை இங்கே எதிர்பார்ப்பது கடினம். அதனால்தான் நான் உங்களை நீதிமன்றத்துக்கு வாருங்கள் என்று கூப்பிடவில்லை. ஆனால் 27-ஆம் பிரிவு செத்த எழுத்து அல்ல. மனு எழுதும்போது அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டால் அதிகாரி அதைப் படித்துப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கும்.

யாருக்கு எழுதுவது என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நம் மக்கள் பஸ் வரவில்லை என்றால் சட்டமன்ற உறுப்பினரைத் திட்டுவார்கள். தரைப் பொதுப் போக்குவரத்து மத்திய அரசாங்கத்தின் கையில் இருக்கிறது. தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம் 2010-இன்படி பேருந்துக்கு உரிமம் கொடுப்பது, தடம் ஒதுக்குவது எல்லாம் அங்கேதான். ரேபிட் பினாங்கின் தாய் நிறுவனமான பிரசரானாவும் மத்திய நிதியமைச்சுக்குச் சொந்தமானது. ஆனால் பேருந்து நிறுத்தக் கூரை, நடைபாதை மேடு, கார் நிறுத்துமிடம், அஞ்சடி இவை பினாங்குத் தீவு மாநகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. தாழ்தளப் பேருந்து வந்தும் நடைபாதை மேடு ஒரு முழம் உயரத்தில் இருந்தால் என்ன பயன்? ஆகவே ஒருவர் மற்றவரைக் கைகாட்ட இடம் கொடுக்காமல் இருவருக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும்.

கடைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். 'பேருந்துக்கு இடம் விட்டால் கார் நிறுத்த இடம் போகும், வியாபாரம் படுத்துவிடும்' என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. மசாலாக் கடையும் நாணய மாற்றுக் கடையும் நம்மவர்களின் பிழைப்பு. ஆனால் ஒரு கார் நிற்கும் இடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை வாடிக்கையாளர் வந்துவிட முடியும்? அதே இடத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேருந்து நின்றால் எத்தனை பேர் இறங்குவார்கள்? தீபாவளிச் சந்தை நாட்களில் கடைத்தெருவுக்கு வரும் கூட்டம் காரிலா வந்து வாசலில் இறங்குகிறது? நடந்துதான் வருகிறது. சாமான் இறக்கும் லோரிக்குக் காலை நேரம் ஒதுக்கலாம். பேசித் தீர்க்கக்கூடிய விஷயம் இது.

நம் பிள்ளைகளுக்கு இதில் வேலையும் இருக்கிறது. மின்சாரப் பேருந்தில் உயர் அழுத்த மின்சாரம் ஓடுகிறது. டீசல் மெக்கானிக் அப்படியே போய்க் கைவைக்க முடியாது. தனிப் பயிற்சி வேண்டும், சான்றிதழ் வேண்டும். ஐ.எல்.பி., கியாட்மாரா, சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன. எஸ்.பி.எம். முடித்துவிட்டுப் பாதுகாவலர் வேலைக்கும் உணவு விநியோகத்துக்கும் போகிற நம் பையன்களையும் பெண்பிள்ளைகளையும் அந்தப் பயிற்சியில் சேர்க்கும் வழியை இப்போதே கேட்க வேண்டும். பேருந்து வந்த பிறகு கேட்டால் இடம் நிரம்பிவிட்டது என்பார்கள். இந்தப் பதிலை நாம் வேறு பல வாசல்களில் கேட்டிருக்கிறோம்.

மொழியைப் பற்றியும் ஒரு வரி. 2008 இறுதியில் இதே பகுதியில் தெருப் பெயர்ப் பலகைகளில் தமிழும் ஏறியது. அன்று எதிர்ப்பு வந்தது, பலகை நிலைத்தது. சுவரில் தமிழ் இருக்கலாம் என்றால் இந்தத் தடத்துப் பேருந்து நிறுத்தத்திலும் இருக்கலாம். பள்ளிவாசல் நிறுத்தம் வந்துவிட்டது என்று வண்டிக்குள் தமிழிலும் ஒரு அறிவிப்பு வரட்டும். பாட்டி யாரையும் கேட்காமல் இறங்குவார்.

இனி வேலைக்கு வருவோம். அடுத்த மாதத்துக்குள் உங்கள் அடுக்குமாடியில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். மலாயில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்று இரண்டு வாரம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்து அதைக் கடிதத்தோடு இணையுங்கள். வீட்டில் ஓ.கே.யூ. அட்டை வைத்திருப்பவர் இருந்தால் அதைச் சொல்லி 27-ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். கேட்பது இவைதான்: படகுத்துறை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை, கொம்தார், பொது மருத்துவமனையை இணைக்கும் தாழ்தள மின்சாரப் பேருந்து. பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. இலவசம், அல்லது இப்போதுள்ள மாதப் பயண அட்டையே செல்ல வேண்டும். ஓட்டுநருக்கு ஒப்பந்த வேலை அல்ல, நிரந்தர வேலை. ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கமிருந்து வரும் பேருந்துகளிலும் அடுத்து மாற்றப்படுபவை தாழ்தளமாகவே இருக்க வேண்டும்.

ஒரு பிரதி போக்குவரத்து அமைச்சுக்கு, ஒரு பிரதி மாநகராண்மைக் கழகத்துக்கு, ஒன்று உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு. தபாலில் போடாமல் நேரில் கொடுங்கள். உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். முத்திரை குத்திய அந்தத் தாளை உங்கள் பகுதி இயக்கப் பொறுப்பாளரிடம் காட்டி ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பதில் வராத கடிதங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு அடுத்த முறை நாம் சேர்ந்தே போவோம்.